வலை பார்க்கப் போன பையன்

காசிக்குப் போனவர்கள் பிரயாணக் கட்டுரை எழுதுகிறார்கள். காஷ்மீருக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். லண்டனுக்குப் போய் வந்தவர்களோ எழுதாமல் இருப்பதே இல்லை. நான் போய் வந்தது பாலவாக்கத்திலிருந்து பெரியமேடு வரையில். இருபது கிலோமீட்டர்கூட இராது. "இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது காசியைவிடத் தூரம், காஷ்மீரைவிடக் குளுமை. அவன் பொருட்டு நீங்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கத்தான் வேண்டும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மகாபலிபுரத்துக்கு நீங்கள் எத்தனையோ தடவை காரிலும் பஸ்ஸிலும் போயிருப்பீர்கள். திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலைத் தாண்டி, கொட்டிவாக்கத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைகிறீர்கள். 'நீலாங்கரை வந்துவிட்டதா?' என்று எட்டிப் பார்ப்பதற்குள் ஓர் ஊர் பின்னால் போய்விடுகிறது அல்லவா? அதுதான் எங்கள் பாலவாக்கம். 2011-ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியோடு எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் நாங்கள் பட்டணத்துக்குப் பக்கத்து ஊர். இப்போது பட்டணமே நாங்கள்தான்!

சாலையில் நின்று பார்த்தால் கடைகளும் மாடி வீடுகளும்தான் தெரியும். ஏதாவது ஒரு தெருவில் கிழக்கே திரும்பி ஐந்து நிமிஷம் நடந்து பாருங்கள். திடீரென்று தெரு முடிந்துவிடும்; வானமும் கடலும் ஆரம்பமாகிவிடும். அங்கேதான் குப்பம். மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள், நிழலுக்குக் கட்டிய கொட்டகை, அதன் கீழே வலை பின்னும் ஆண்கள், கூடையில் சங்கராவும் நெத்திலியும் பரப்பி வைத்துக்கொண்டு பெண்கள். தை, மாசி, பங்குனி மாதங்களில் நடுநிசிக்கு மேல் போனால் இன்னொரு வேடிக்கையும் பார்க்கலாம். கையில் டார்ச்சு விளக்குடன் கல்லூரிப் பிள்ளைகள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையில் மணலோடு நடப்பார்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம் அது. நாய் தோண்டி விடாமல் முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் புதைத்து வைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள்.

இரண்டு துடுப்பும் ஒரு கிழிந்த வலையும்

நம்முடைய பையனை நான் முதலில் பார்த்ததும் அந்த மணலில்தான். சாயங்கால வேளை. இரண்டு துடுப்புகளை மணலில் நட்டு, நடுவே ஒரு கிழிந்த பழைய வலையைக் கட்டியிருந்தார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்கு முன்னால் ஒரு பொடியன் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி ஓடிப் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தான். மணலில் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். அவன் விழுகிற வேகத்தைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. அவனோ வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, "அடிடா!" என்றான்.

அவன் யார் என்று விசாரித்தால், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாளின் பிள்ளை!

மறுநாள் அந்த அம்மாள் கூடையை இறக்கியதும், "உங்க பையன் ரொம்ப நல்லா ஆடறானே!" என்றேன்.

"ஆடறான், ஆடறான். பந்து சோறு போடுமா? நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள், சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணும்மா. அவன் பந்தாடற வரைக்கும் கரையிலே இருக்கான். அதுவே எனக்கு நிம்மதி" என்றாள்.

இது 2018 பிப்ரவரியில் நடந்த பேச்சு. அதற்கு மூன்று மாதம் முன்னால், 2017 நவம்பர் கடைசியில், ஒக்கிப் புயல் அடித்ததல்லவா? கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய கிராமங்களிலிருந்து கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் மீன்கார அம்மாளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புருஷன் படகைத் தள்ளுகிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாளாம். 2004-ஆம் வருஷச் சுனாமியைக் கண்ணால் பார்த்தவள். பையன் அதற்கு அடுத்த வருஷம் பிறந்தவன்.

இதில் ஒரு விசேஷம் பாருங்கள். ஒக்கி அடித்த அதே கடற்கரைதான் தமிழ்நாட்டுக் கால்பந்துக்குப் பிள்ளைகளைக் கொடுக்கிற கடற்கரை. அங்கேயும் மணல்தான் மைதானம். இரவிபுத்தன்துறை என்கிற மீனவக் கிராமத்தில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்கு ஆடிப் பெயர் வாங்கி, 2019-ல் இந்திய அணிக்கும் ஆடினார். அவருடைய சகோதரர் ரெஜினும் ஆட்டக்காரர்தான். மணலில் ஓடிப் பழகிய கால் புல்தரையில் பறக்குமாம்; என் பிள்ளை சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கேட்கக்கூடாத கேள்வி

என் பிள்ளை அப்போது இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். படித்தான் என்று நான் சொல்கிறேன். கால்பந்து பார்த்தான் என்று அவன் அப்பா சொல்வார். மார்ச் 13-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.க்கும் கோவா அணிக்கும் அரையிறுதி ஆட்டம். மூன்று டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். கூட வருவதாகச் சொன்ன சிநேகிதர்கள் இருவருக்கும் மறுநாள் பரீட்சை என்று கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வந்தது! இரண்டு டிக்கெட் மிஞ்சியது. "நீங்க வாங்கப்பா" என்றான். "எனக்கு நாற்காலி இருக்கிறது, டெலிவிஷனும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார் என் கணவர்.

"அப்படியானால் நான் வருகிறேன். அந்தக் குப்பத்துப் பையனையும் அழைத்துப் போகலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

பையனிடம் விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. அன்றைக்கே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒன்றும் பேசவில்லை. "என்னடா தம்பி?" என்றேன். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்றான். ஆனாலும் போகவில்லை. அந்த 'ஒண்ணுமில்ல' இருக்கிறதே, அதற்கு நிகரான விண்ணப்பத்தை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

"அவங்க அப்பா ஒத்துக்கணும்மா" என்றாள் தாயார். ஆகவே நான் கொட்டகைக்கே போனேன். மனுஷர் கால் கட்டைவிரலில் நூலை மாட்டிக்கொண்டு வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் தலை நிமிராமல் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அழைச்சிட்டுப் போறீங்க. சரிம்மா. பத்திரமா திருப்பி அழைச்சிட்டும் வருவீங்க. அதுவும் சரி. அவன் மனசைத் திருப்பி அழைச்சிட்டு வருவீங்களா?"

நேயர்களே, இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. ஒரு குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பண்டத்தைக் காட்டிவிட்டு நாம் பாட்டுக்கு நம் வீட்டுக்கு வந்துவிடுவது தர்மமா? நல்லது செய்கிறோம் என்கிற சந்தோஷம் நமக்கு. அதற்குப் பிறகு ஏக்கம் யாருக்கு? நான் மென்று விழுங்கினேன். அவரும் என்னை மேற்கொண்டு சங்கடப்படுத்தவில்லை. "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை மீன்கார அம்மாள் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தாள். கசங்கிய பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள். "டிக்கெட்டுக்கும்மா" என்றாள்.

"ஐயோ, வேண்டவே வேண்டாம்! அது சும்மா மிஞ்சிய டிக்கெட்" என்றேன்.

"மிஞ்சினதுன்னா அவன் போக வேணாம்மா. நாங்க வாங்கினதுன்னா போகட்டும்."

நான் மறு பேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டேன். அந்த நோட்டுகளில் மீன் வாசனை அடித்தது. பத்து நாள் வரையில் அவற்றைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பறக்கும் ரயில்

மாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். பையன் தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரி, பள்ளிக்கூடச் சட்டையைச் சலவை செய்து போட்டுக்கொண்டு வந்தான். நான் ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழ சாதமும், ஒரு பாட்டிலில் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். எங்கே போனாலும் சாத டப்பா எடுத்துப் போகிற வம்சம் எங்களுடையது.

ஷேர் ஆட்டோவில் திருவான்மியூர். அங்கிருந்து டைடல் பார்க்குக்கு அருகேயுள்ள பறக்கும் ரயில் நிலையம். படி ஏறி மேலே வந்ததும் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டான். கடலில் நாலு மைல் போயிருக்கிறான், அப்பாவோடு. ரயிலில் ஒரு மைல் போனதில்லை! வண்டி கிளம்பியதும் ஜன்னலோரம் அவனுக்குத்தான் என்று தீர்மானமாயிற்று.

பறக்கும் ரயிலில் நீங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போயிருக்கிறீர்களா? ஆபீசுக்குப் போகிறவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். பக்கிங்ஹாம் கால்வாயின் ஓரமாகத் தூண்களின்மேல் போகிறது பாதை. ஒரு பக்கம் மாடி வீட்டு மொட்டை மாடிகள். அப்பளம் காய்வதும், வேட்டி காய்வதும், யாரோ ஒரு பாட்டி ஜபம் செய்வதும் நம் கண்ணுக்கு நேராகத் தெரியும். கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாற்றைக் கடந்தோம்.

"இந்தத் தண்ணி நம்ம கடலுக்குத்தான் வருதா ஆன்ட்டி?"

"ஆமாம்டா, பட்டினப்பாக்கத்துப் பக்கம் போய்ச் சேருகிறது."

"அதான் மழை பெஞ்சா அங்க தண்ணி கலங்கிடுது" என்றான், பெரிய மனுஷன் போல. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் கோபுரத்தைக் காட்டலாம் என்று நான் விரலை நீட்டுவதற்குள் கட்டடங்கள் மறைத்துவிட்டன.

என் பிள்ளை அப்போதுதான் அவனுக்கு ஒரு கதை சொன்னான். ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு தேசம். அதன் தெற்கே பம்பாலி என்கிற ஆற்றங்கரைக் கிராமம். அங்கே சாடியோ மானே என்று ஒரு பையன். ஏழு வயதில் தகப்பனாரை இழந்தான். ஊரில் ஆஸ்பத்திரி இல்லை. 2002-ஆம் வருஷ உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் அவன் தேசம் பிரான்ஸை 1-0 என்று தோற்கடித்தபோது அவனுக்கு வயது பத்து. அன்று பிடித்த பித்து, சில வருஷங்களுக்குப் பிறகு வீட்டில் சொல்லாமல் தலைநகரமான டக்காருக்கு ஓடிப்போனான், பந்தாட. தேடிப் பிடித்து வந்தார்கள். அப்புறம் குடும்பமே மனம் மாறி அவனை அனுப்பியது. கிழிந்த பூட்ஸோடு வந்து நின்றவனைப் பார்த்து, "இதையா போட்டுக்கொண்டு ஆடப்போகிறாய்?" என்று கேட்டார்களாம். ஆடிக் காட்டினான். இப்போது இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு ஆடுகிறான் என்று முடித்தான் என் பிள்ளை.

கதைக்கு மிச்சம் பிற்பாடு நடந்தது. அதை நான் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மானே தன் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். 2021-ல் ஆஸ்பத்திரியும் திறந்தாயிற்று. 2022 பிப்ரவரியில் செனகல் முதல் தடவையாக ஆப்பிரிக்கக் கோப்பையை ஜெயித்தது. கடைசி பெனால்டி உதை அவருடையதுதான்.

பையன் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, அவரு அம்மா அழுதாங்களா, ஓடிப்போனப்போ?"

என் பிள்ளை என்னைப் பார்த்தான். "அழாமல் இருப்பார்களா?" என்றேன். பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உயிர் காலேஜ் இருந்த இடம்

பார்க் டவுன் நிலையத்தில் இறங்கினோம். மெட்ரோ ரயில் வேலைக்காகச் சென்ட்ரல் எதிரே வழியெல்லாம் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு போய் ரிப்பன் கட்டடத்தின் வெள்ளை மதில் ஓரமாக நடந்தோம். 1913-ல் கட்டிய மாளிகை. விளக்குப் போட்டதும் பால் கோவா மாதிரி இருந்தது.

இந்த வட்டாரத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். நேரு ஸ்டேடியம் இருக்கிற பிரதேசம் முழுவதும் ஒரு காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்கிற பெரிய தோட்டம். அதில்தான் மிருகக்காட்சி சாலை இருந்தது. எழும்பூர் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், இதற்கு 'உயிர் காலேஜ்' என்றும் பட்டணத்து ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். 1985-ல் மிருகங்கள் வண்டலூருக்குக் குடி போயின. பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்டும் அதே வருஷத்தில் தீயில் போயிற்று.

இங்கே முன்பு இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் 1956 ஜனவரியில் வினு மன்கடும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தார்கள். அந்த உலக சாதனை 2008 வரையில் அசையவில்லை. இப்போதுள்ள ஸ்டேடியம் 1993-ல் எழும்பியது.

வாசலில் என்னைத்தான் முதலில் தடுத்தார்கள். சாத டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே போகக்கூடாதாம். விதியைத் தெரிந்துகொள்ளாமல் வந்தது என் பிசகு. மூன்று பேருமாக நடைபாதையில் நின்று எலுமிச்சம்பழ சாதத்தை அவசர அவசரமாகத் தின்று தீர்த்தோம். நீல உடுப்புப் போட்ட இளைஞர் கூட்டம் மேளம் கொட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. 'சூப்பர் மச்சான்ஸ்' என்று தங்களுக்குப் பெயராம்! அதில் ஒருவர் எங்கள் பையன் கன்னத்தில் நீலச் சாயத்தை ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். அந்தக் கோட்டை அவன் இரண்டு நாள் அழிக்கவே இல்லை.

மாட்டிக்கிச்சு!

படியேறி, இருண்ட வழி ஒன்றின் முடிவில் வெளியே வந்தோம். வந்ததும் பையன் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். விளக்கு வெள்ளத்தில் அந்தப் பசும்புல் அப்படி ஜொலித்தது. நானும், சொல்லப்போனால், அசந்துதான் போனேன். டெலிவிஷனில் பார்ப்பது வேறு, இது வேறு.

ஆட்டக்காரர்களைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அவன் பார்த்தது வேறு.

"ஆன்ட்டி, அந்த வலையைப் பாருங்க. கண்ணி எவ்ளோ பெரிசு! ஒரு மீன்கூட நிக்காது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாற்பது ஆயிரம் பேர் உட்காரக்கூடிய இடத்தில் கோல் வலையின் கண்ணியை அளந்தவன் எங்கள் பாலவாக்கத்துப் பிள்ளை ஒருவனாகத்தான் இருப்பான்.

எட்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பமாயிற்று. கோவாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்திருந்தது. கோவா அணியில் கோரோமினாஸ் என்று ஒரு ஸ்பெயின்காரர். அந்த வருஷம் போட்டியிலேயே அதிக கோல் போட்டவர். அவர் காலில் பந்து வந்தபோதெல்லாம் பையன் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினான். எங்கள் கோல்கீப்பர் கரண்ஜித் சிங் எந்தப் பக்கம் சாய்ந்தாரோ, அந்தப் பக்கமே இவனும் சாய்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவனுக்குக் கோல் கம்பமாகிவிட்டேன்.

26-ஆவது நிமிஷம். மிஜோரத்துக்காரரான ஜெஜே தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். ஸ்டேடியமே எழுந்தது. நானும் எழுந்தேன், எனக்கு முன்னால் என் செருப்பு எழுந்து எங்கேயோ போயிற்று. அதைத் தேடி முடிப்பதற்குள், மூன்றே நிமிஷத்தில், இன்னொன்று! மறுபடியும் தலையால்தான். இந்தத் தடவை முட்டியவர் தன்பால் கணேஷ்.

"நம்ம ஊரு! வியாசர்பாடி!" என்று என் பிள்ளை கத்தினான்.

வியாசர்பாடி வடசென்னையில் உழைப்பாளி ஜனங்கள் நெருக்கமாக வாழ்கிற பகுதி. 'சின்ன பிரேசில்' என்று அதற்குச் செல்லப் பெயர். சந்துகளிலும் பொட்டல்களிலும் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர்தான் இந்தக் கணேஷ். பிரேசில்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் ஓடுகிற அதே புல்லில், இந்த ரயிலில் ஏறினால் வந்து சேரக்கூடிய தெருவிலிருந்து ஒருவர்! பையன் கத்தவில்லை. வலைக்குள் உருண்டு கிடந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "மாட்டிக்கிச்சு" என்றான். வலையில் பெரிய மீன் விழுந்தால் அவன் அப்பா சொல்கிற வார்த்தை அது.

ஆட்டம் முடிகிற தறுவாயில் ஜெஜே இன்னொரு கோல் போட்டார். 3-0. இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம். மேளமும் கூச்சலும் ஓய அரை மணி ஆயிற்று. என் பிள்ளை 2015-ஆம் வருஷக் கதையை ஆரம்பித்தான். அந்த வருஷம் சென்னையில் பெருவெள்ளம் வந்ததால் அரையிறுதியை இங்கே ஆட முடியாமல் புனாவுக்கு மாற்றினார்கள். வீடிழந்து கிடந்த ஊருக்கு அந்தப் பிள்ளைகள் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்கு டெலிவிஷன் பார்க்கவும் நமக்கு மின்சாரமும் மனசும் இல்லை. இன்றைக்கு நம் ஊரிலேயே நேரில் பார்த்தாயிற்று என்றான்.

சாலை முனையில்

திரும்பும்போது வாடகைக் காரில் வந்தோம். அடையாறு பாலம் வருவதற்குள் பையன் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. 'அவன் மனசைத் திருப்பி அழைச்சிட்டு வருவீங்களா?' என்கிற கேள்வி காரில் நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

பதினொன்றரை மணிக்குப் பாலவாக்கம் தெருமுனையில் கார் நின்றபோது அவன் அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். மூன்று மணிக்குப் படகு தள்ள வேண்டியவர். தூங்காமல் வந்து நிற்கிறார்! பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினான். "ஜெயிச்சோமா?" என்றுகூட அவர் கேட்கவில்லை.

"வலை எப்படிடா இருந்துச்சு?" என்றார்.

"நைலான் நூலுப்பா. கண்ணி இவ்ளோ பெரிசு. ஒரு மீனு நிக்காது!"

"அப்புறம் எதுக்குடா அது வலை?"

"பந்து நிக்குதுப்பா!"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் கடல் பக்கம் நடந்து போனார்கள். பையன் கையை ஆட்டி ஆட்டி எதையோ விவரித்துக்கொண்டே போனது தெருவிளக்கு முடிகிற வரையில் தெரிந்தது.

நாலு நாள் கழித்து, மார்ச் 17-ஆம் தேதி, பெங்களூரில் இறுதி ஆட்டம். சென்னை 3-2 என்று ஜெயித்து இரண்டாவது தடவையாகக் கோப்பையை வாங்கியது. குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் டெலிவிஷனைத் தூக்கி வைத்துத் தெருவே உட்கார்ந்து பார்த்தது. அதற்கு அடுத்த வாரம் நான் கடற்கரைக்குப் போனபோது, துடுப்புகள் இருந்த இடத்தில் இரண்டு சவுக்குக் கட்டைகள் நட்டிருந்தன. மேலே குறுக்குக் கட்டை. பின்னால் புதிதாகப் பின்னிய வலை. பெரிய பெரிய கண்ணி. யார் பின்னியது என்று நான் கேட்கவில்லை. கட்டைவிரலில் நூல் மாட்டிப் பின்னியது என்பது மட்டும் முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது.

"பையன் பெரிய ஆட்டக்காரன் ஆனானா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கதையாக இருந்தால் ஆக்கியிருப்பேன். ஆகவில்லை. பதினாறு வயதில் ஒரு கிளப்பின் தேர்வுக்குப் போனான், எடுபடவில்லை. நான்கு நாள் யாரோடும் பேசாமல் இருந்தான் என்று அவன் தாயார் சொன்னாள். அந்த நான்கு நாளும் எனக்கும் சோறு இறங்கவில்லை. அவன் அப்பா கேட்ட கேள்விக்கு அதுதான் பதிலோ என்று தவித்தேன். ஐந்தாம் நாள் மணலில் பந்துச் சத்தம் கேட்டது. பிளஸ் டூ முடித்து, ஏ.சி. மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு, இன்று சொந்தச் சம்பாத்தியம். ஆள் போதாத நாட்களில் அப்பாவோடு கடலுக்கும் போகிறான். சாயங்காலம் ஆறு மணி வரையில் குப்பத்துப் பொடிசுகளுக்குக் கோல் தடுக்கச் சொல்லிக் கொடுக்கிறான். அவற்றில் நாலைந்து பெண் குழந்தைகளும் உண்டு.

சென்ற மாதம் கொட்டகைப் பக்கம் போனபோது அவன் அப்பாவிடம் அந்தப் பழைய கேள்வியை நானே எடுத்தேன். "அவன் மனசைத் திருப்பிக் கொண்டுவரவில்லையே நான்?" என்றேன்.

அவர் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, "இங்கதானேம்மா இருக்கு" என்றார்.

மகாபலிபுரத்துக்குப் போகிறபோது ஒரு நாள் பாலவாக்கத்தில் இறங்கிப் பாருங்கள். ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், வெயில் தணிந்திருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடங்கள். பந்து உங்கள் காலடிக்கு உருண்டு வந்தால், புடவை தடுக்கும் என்று தயங்காமல் ஓர் உதை விடுங்கள். அந்தப் பக்கம் பிடிப்பதற்கு ஆள் இருக்கிறது.